என்செலடஸை 49 கி.மீ. உயரத்தில் கடப்பது: கடைசித் திருத்தம் எப்போது?

டர்பன்_வானம்:
வணக்கம். சாட்ஸ்வொர்த் மாணவர்கள் ஒரு பயிற்சித் திட்டம் போடுகிறார்கள். 2015 அக்டோபர் 28-இல் நாசாவின் காசினி விண்கலம் செய்தது போல, சனியின் நிலாவான என்செலடஸை ஒரு விண்கலம் 49 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டும். கடைசிப் பாதைத் திருத்தத்தை (எஞ்சினைச் சற்று எரித்துப் பாதையைச் சரிசெய்வதை) எப்போது வைப்பது? மிக நெருங்கும் நொடியில் படம் எடுக்க முடியுமா?

ஜோபர்க்_பாதை:
அண்ணா, 49-ஐ முதலில் எழுதாதீர்கள். பிழையைக் கணக்கிடுங்கள், உயரம் அதிலிருந்து வரட்டும். கலம் எங்கே என்பதில் ஒரு பிழை, நிலா எங்கே என்பதில் இன்னொன்று. முதலாவதை டாப்ளரும் (கலத்தின் வானொலி அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தை அறிவது) தூர அளவீடும் குறைக்கும். இரண்டாவதற்குக் கலத்தின் கேமராவே கைகொடுக்கும்: பின்னால் தெரியும் நட்சத்திரங்களோடு நிலாவைப் படம்பிடித்து அதன் இடத்தைத் திருத்துவார்கள். மிஞ்சும் பிழையை இலக்குத் தளத்தில் (கலம் வரும் திசைக்குச் செங்குத்தாக, நிலாவின் மையம் வழியே போகும் கற்பனைத் தளம்) நீள்வட்டமாக வரையுங்கள். அதன் 3 சிக்மா எல்லை (பிழை ஏறக்குறைய எப்போதும் அடங்கும் எல்லை) நிலாவின் தரையைத் தொட்டால் உயரத்தை ஏற்றத்தான் வேண்டும்.

இரண்டு ஃப்ளைபைகளுக்கு (நிலாவை நெருங்கிக் கடப்பவை) நடுவே காசினிக்குப் பொதுவாக மூன்று திருத்தங்கள்: முந்தையது முடிந்து சில நாளில் ஒன்று, சனியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும்போது ஒன்று, அடுத்ததற்குச் சுமார் 3 நாள் முன்பு ஒன்று. 3 நாள் முன்பு நொடிக்கு 1 மி.மீ. பிழை மிஞ்சினால் கடக்கும்போது ஏறக்குறைய 260 மீ. விலகல். 10 நாள் முன்பே முடித்துக்கொண்டால் அதுவே 860 மீ. கடைசி நாள்வரை தள்ளிப்போட்டாலோ, எரிப்பு தவறினால் மறுவாய்ப்பு கிடையாது.

நேரப் பிழையை மாணவர்கள் மறந்துவிடுவார்கள். 1 நொடி தவறினால் கலம் 8.5 கி.மீ. தள்ளி நிற்கும். சனிக்குச் சமிக்ஞை போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், அதனால் கட்டளைகள் எல்லாம் முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் நிலாவின் புதிய இருப்பிடத்தை மட்டும் அனுப்பி, கேமராவின் குறியைத் திருத்துங்கள். கட்டளைத் தொடரையே மாற்றப் போகாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_லென்ஸ்:
படம் பற்றி: தரையைத் தொடர்ந்து பார்க்கக் கேமரா எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும்? 8.5-ஐ 49-ஆல் வகுத்தால் 0.17 ரேடியன், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி. காசினியால் நொடிக்கு ஒரு டிகிரிகூடத் திரும்ப முடியாது. கேமராவைத் திருப்பாமல் 5 மில்லிநொடி ஒளிப்பதிவு செய்தாலும் தரை 42 மீ. நகர்ந்துவிடும். 2008 ஆகஸ்ட் 11-இல் நல்ல வழி கண்டார்கள்: நிலா போகும் திசையில் கலத்தை முன்கூட்டியே சுழலவிட்டு, நிலா குறுக்கே வரும்போது தென்துருவப் பிளவுகளைப் பிடித்தார்கள். மிக நெருங்கும் நொடியைத் துகள், வாயுக் கருவிகளுக்கே விடுங்கள். அவற்றின் வாய் பயணத் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

அதிலும் கவனம். 2008 மார்ச் 12 ஃப்ளைபையில் தூசுக் கருவியில் துகள்களை அதிகமாக எண்ணப் புது மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். பழையதிலிருந்து அதற்கு மாறும்போது கோளாறு வந்து, தேவைப்பட்ட நேரத்துத் தரவே போயிற்று. புது மென்பொருளை முந்தைய சுற்றிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஜோபர்க்_பாதை:
ஒன்று விட்டுப்போயிற்று. கலத்தின் கோணத்தை அளக்கும்போது குவாசர்களை (மிகத் தொலைவில் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்கள்) நிலைக்குறியாக வைப்பார்கள். அவற்றின் இடத்தைத் துல்லியமாக்கும் வானொலி அளவீடுகளில் ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள நம் ஹார்ட்டெபீஸ்ட்ஹூக் வானொலி ஆய்வகம் பங்கெடுக்கிறது. அங்குள்ள 26 மீ. தட்டு ஆன்டெனா 1961-இல் நாசாவுக்காகக் கட்டியது, 1974 வரை ஆழ்விண்வெளி நிலையம். மாணவர்களின் திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

எரிபொருள் கணக்கில்: என்செலடஸின் ஈர்ப்பு கலத்தின் திசைவேகத்தை நொடிக்கு 5-6 மீ. அளவுதான் மாற்றும். சனியின் பெரிய நிலாவான டைட்டனிலோ நூற்றுக்கணக்கான மீட்டர். அதனால் இங்கே 1 கி.மீ. தவறினாலும் பின்திருத்தத்துக்குச் செலவு குறைவு.