சாய்ந்தால் கால் தூக்குகிறது: நாற்காலி வாங்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வீட்டிலிருந்தே வேலை, தினமும் 9 மணி நேரம் உட்கார்ந்தபடிதான். இப்போதுள்ள நாற்காலியில் பின்னால் சாய்ந்தால் இருக்கையின் முன்விளிம்பும் சேர்ந்து மேலே எழும்புகிறது. என் உயரம் 5 அடி 2 அங்குலம். பாதம் தரையை விட்டுவிடும், அப்புறம் தொடைக்கடியில் மரத்துப்போகும்.

சிங்க்ரோ டில்ட் வகையில் முதுகுப்பகுதி 2 டிகிரி சாய்ந்தால் இருக்கை சுமார் 1 டிகிரிதான் சாயும் என்கிறார்கள். அதற்கு 4,000 ரூபாய் கூடுதல். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், அந்த வித்தியாசம் காலுக்குத் தெரிகிறதா? எனக்கு 54 கிலோதான், சாய்வின் இறுக்கத்தைத் தளர்த்தவும் முடிய வேண்டும்.

இடுப்புத் தாங்கலிலும் குழப்பம். மேலும் கீழும் நகர்ந்தால் போதுமா, முன்னும் பின்னும் நகர வேண்டுமா? கடையில் 5 நிமிடம் உட்கார்ந்தால் எல்லாமே சொகுசாகத்தான் இருக்கிறது!