ஆற்று மண்ணா, கல் மண்ணா? வீடு கட்டியவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கிரான் பக்கம்:
அம்மாவின் கிணற்றில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் வளவு மட்டக்களப்பு முந்தனை ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். என் சின்ன வயதில் ஆவணியில் ஆறு வற்றிக் கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் இருக்கும். முழங்கை ஆழம் தோண்டினால் கண்ணாடி மாதிரி ஊறும். கிணறும் அந்த ஊற்றில்தான் நின்றது. போன வருடம் கிணற்றுக்குள் இரண்டு வளையம் புதிதாக இறக்கியும் சேறுதான் வந்தது. மண் அள்ளி அள்ளி ஆறு ஓர் ஆள் உயரம் கீழே போய்விட்டது. ஆறு இறங்கினால் கரையில் உள்ள நீரும் அதன் மட்டத்துக்கு வடியத்தானே செய்யும்? கரையில் நின்ற மருத மரம் வேர் தெரியச் சாய்ந்து கிடக்கிறது.

2019 டிசம்பரில் மண் கொண்டுபோகப் பெர்மிட் தேவையில்லை என்று அரசாங்கம் சொன்னபோது, இரவில் ஓடிய உழவு இயந்திரங்கள் பகலிலேயே ஓடின. யாரையும் திட்ட எனக்கு வாயில்லை. அதில் மண் ஏற்றுகிறவர்களில் என் மச்சானும் ஒருவன். 2012இல் நான் கட்டிய வீட்டுக்கு இறங்கிய பதினெட்டு கியூப்பும் (ஒரு கியூப் நூறு கன அடி) இதே ஆற்று மண்தான்.

இப்போது தம்பி வீடு கட்டப்போகிறான். ஆற்று மண்ணுக்குப் பதிலாகக் கல் மண், அதாவது கருங்கல்லை உடைத்து எடுக்கும் மண், போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மேசன், 22 வருடம்:
குவாரியில் கல் உடைக்கும்போது மிஞ்சுகிற தூள் வேறு, மண்ணாகவே உடைத்துக் கழுவி எடுப்பது வேறு. ஒரே பெயரில் இரண்டையும் விற்பார்கள். நானே ஏமாந்திருக்கிறேன். செங்கலடியில் ஒரு வீட்டுக்கு அந்தத் தூளால் சுவர் பூசினேன். மூன்றாம் நாள் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. மாவு கூடினால் கலவை தண்ணீர் கேட்கும், தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கும். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்குத் தேத்தண்ணீர் மட்டும் வரவில்லை. கூலி வாங்காமல் கொத்திவிட்டுத் திரும்பப் பூசினேன்.

கழுவிய கல் மண்ணைத் தூணுக்கும் பிளேட்டுக்கும் (கொங்கிறீட் தளம்) தாராளமாகப் போடலாம். மணி கூராக இருப்பதால் கலவை முரடாக நிற்கும். சிலர் இளக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றுவார்கள், பலம் அங்கேதான் போகிறது. மின்னுகிற மைக்காச் செதில் நிறையக் கண்டால் வாங்க வேண்டாம். பூச்சுக்கு மட்டும் சலித்த ஆற்று மண்தான் என் கைக்குச் சரிவரும்.

சம்மாந்துறை:
கல் மண் வானத்திலிருந்து விழுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வயலுக்கு அப்பால் கல் உடைக்கிறார்கள். வெடி வைத்தால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாப்பா நெல் காயப்போட மாட்டார், எல்லாம் வெள்ளைத் தூள். தண்ணீர் தெளித்து உடைத்தால் பாதி அடங்கும், கேட்டுப் பார்த்தோம், இரண்டு வாரம் தெளித்தார்கள். அப்புறம், மலிவு என்று கடற்கரை மண் மட்டும் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு மாமா அதில் மதில் கட்டினார். உப்பில் கம்பி துருப்பிடித்து வீங்கி, தூண் பிளந்துவிட்டது.

கிரான் பக்கம்:
தம்பியிடம் காட்டினேன். பூச்சுக்கு மட்டும் ஆற்று மண் என்று ஒத்துக்கொண்டான். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை. மேசன் அண்ணா, கழுவியதா இல்லையா என்று லொறி வந்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?

மேசன், 22 வருடம்:
ஈரமண்ணில் ஒரு பிடி எடுத்து நன்றாகப் பிசைந்துவிட்டுக் கையை உதறுங்கள். உள்ளங்கை மாவாக இருந்தால் இறக்க விடாதீர்கள். காசை முதலே கொடுக்கவும் வேண்டாம்.