பழைய வெல்டிங் மெஷின்: செலக்டர் சுவிட்ச் சூடாகுது, மூணாம் படியில் ஆர்க் நிக்கல

குர்லா கிரில் பட்டறை:
200 ஆம்பியர் ஏர்கூல்டு டிரான்ஸ்ஃபார்மர் மெஷின், 415 வோல்ட், ரெண்டு பேஸ். கரண்ட் மாத்த ஆறு படி ரோட்டரி சுவிட்ச். மூணாம் படியில் 10 கேஜ் ராடு ஓட்டினா ஆர்க் விட்டு விட்டு வருது, நாபை லேசா அசைச்சா சரியாகுது. கொஞ்ச நேரத்துல சுவிட்ச் பக்கம் கருகின வாடை. மத்த படிகள்ல தொந்தரவு இல்ல. சுத்தம் பண்ணினா போதுமா, மாத்தணுமா? மாத்தினா எத்தனை ஆம்பியர் வாங்கறது?

தாராவி வைண்டிங் கடை:
ஒரு படி மட்டும் தகராறு பண்ணுதுன்னா, ஒண்ணு அந்தப் படியோட காண்டாக்ட், இல்ல அந்த டேப் ஒயரோட (காயில் சுத்துல இருந்து அந்தப் படிக்கு வர்ற ஒயர்) லக், அதாவது ஒயர் நுனியில மாட்டற உலோக முனை. முதல்ல லக்கைப் பாருங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சிடும். ஒயர் மேல இருக்கற ஸ்லீவ் உறை பொரிஞ்சு, நட்டுக்கு அடியில நீலம் பாரிச்சிருந்தா லூஸ் கனெக்‌ஷன்தான்.

திறக்கறதுக்கு முன்னாடி மெயின் ஆஃப் பண்ணி பிளக்கை உருவிடுங்க. உள்ளே பவர் ஃபேக்டர் கப்பாசிட்டர் இருந்தா அதுல சார்ஜ் தங்கியிருக்கும், அஞ்சு நிமிஷம் விட்டு, மீட்டர் வெச்சு வோல்டேஜ் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு கை வைங்க.

காண்டாக்ட் முனையில வெள்ளி இருந்தா எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம். எமரித் தூள் வெள்ளியில பதிஞ்சு இன்னும் சூடாக்கும். வெள்ளி கறுத்திருக்கறது குத்தம் இல்ல, அது கரண்ட் கடத்தும். உருகி மணிமணியா நிக்கறதை மட்டும் மெல்லிய அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, ஸ்பிரிட்ல துடைங்க. வெள்ளி தேஞ்சு அடியில பித்தளை தெரிஞ்சா அந்தக் காண்டாக்ட் முடிஞ்சது.

ஸ்பிரிங்கை விரலால அழுத்தி, பக்கத்துப் படி ஸ்பிரிங்கோட ஒப்பிடுங்க. சூட்டுல பதம் போன ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கும். நாபை அசைச்சா சரியாகுதுன்னு சொல்றீங்க, எனக்கு இதுமேலதான் சந்தேகம். இழுத்து நீட்டிப் போட்டா கொஞ்ச நாள்ல திரும்பவும் இதே கதை.

பேக்கலைட்ல (சுவிட்சோட கெட்டி பிளாஸ்டிக் உடம்பு) ரெண்டு டெர்மினலுக்கு நடுவே கறுப்புக் கோடு ஓடியிருந்தா யோசிக்காம மாத்துங்க. அது கரியான வழி, சுரண்டினாலும் போகாது. மும்பை மழைக்கால ஈரத்துல அந்த வழியாவே டேப்புக்கு டேப் பொறி பாயும்.

சயான் எலக்ட்ரீஷியன்:
ஓம் மீட்டர்ல பார்த்து ஏமாறாதீங்க. மீட்டர் ஒயரே 0.2 ஓம் காட்டும். வோல்டேஜ் டிராப், அதாவது காண்டாக்ட்ல வீணாகற வோல்டேஜைப் பாருங்க: மெயின் ஆஃப்ல இருக்கும்போதே சுவிட்சோட உள்வரும் முனையிலும் மூணாம் படி முனையிலும் கிளிப் மாட்டி, மீட்டரை 600 வோல்ட் ஏசிக்குத் தாங்கற ஆட்டோ ரேஞ்சுல வெச்சு, கை எடுத்துட்டு ஆன் பண்ணி ஒரு ராடு ஓட்டுங்க. 0.1 வோல்டுக்குள்ள இருந்தா காண்டாக்ட் நல்லா இருக்கு. ஆர்க் எரியும்போது நாபைத் திருகாதீங்க, காண்டாக்ட் தேயறதுக்குப் பெரிய காரணமே அதுதான்.

குர்லா கிரில் பட்டறை:
பார்த்தேன் அண்ணே. ஒண்ணாம் படியில 0.06, மூணாம் படியில 1.3 வோல்ட். பேக்கலைட்ல கறுப்புக் கோடும் இருக்கு.

சயான் எலக்ட்ரீஷியன்:
அப்போ மாத்திடுங்க. 110 ஆம்பியர்ல வெல்டிங் பண்ணும்போது, ஓப்பன் சர்க்யூட் (ஆர்க் எரியாதப்போ வெல்டிங் பக்கம் இருக்கற வோல்டேஜ்) 70 வோல்ட்னு வெச்சா, பிரைமரியில, அதாவது 415 வோல்ட் வர்ற பக்கம், சுமார் 18.5 ஆம்பியர். அந்த 1.3 வோல்ட் இதோட பெருகி 24 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அந்த ஒரு முனைக்குள்ளேயே எரியற மாதிரி.

200 ஆம்பியர் எடுத்தா பிரைமரி 34 ஆம்பியர் வரும், அதனால 32 ஆம்பியர் சுவிட்ச் பத்தாது, 63 ஆம்பியர் வாங்குங்க. லோகார் சால் எலக்ட்ரிக்கல் சாமான் மார்க்கெட்டில் பழைய சுவிட்சையே கையில் கொண்டு போய்க் காட்டுங்க. சிங்கிள் போல் (உள்வரும் முனை ஒண்ணுதான்), ஆறு படி, தண்டு நீளம், ஓட்டை இடைவெளி ஒத்துப் போகணும். முக்கியமா, பழைய படியை விட்டுட்டு அப்புறம் அடுத்ததைத் தொடற வகைதானான்னு கேளுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல தொடற வகை வந்தா, நடுவுல இருக்கற சுத்துகள் ஷார்ட் ஆயிடும்.

தாராவி வைண்டிங் கடை:
கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி போட்டோ எடுத்துக்கோங்க. டேப் ஒயர் அலுமினியமா செம்பான்னு சுரண்டிப் பாருங்க. பழைய மெஷின்ல அலுமினியம் நிறைய வரும். அதுக்கு பைமெட்டல் லக் (ஒயர் பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு) போட்டு, ஆக்சைடு தடுக்கற பேஸ்ட் தடவி கிரிம்ப் பண்ணணும். செம்பு லக் போட்டா சீக்கிரமே திரும்பவும் சூடாகும். ஸ்லீவ் பிவிசி வேண்டாம், ஃபைபர் கிளாஸ் போடுங்க. மூடறதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெகர்ல (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) பிரைமரிக்கும் பாடிக்கும் நடுவே பாருங்க. 5 மெகா ஓமுக்குக் குறைஞ்சா பக்கத்துல 100 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, ராத்திரி முழுக்க உலர்த்தித் திரும்ப அளங்க.