வரைந்த ஓவியங்களையும் கைவினைப் பொருள்களையும் பினாங்கின் ஈரக்காற்றில் எப்படிக் காப்பது?

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓவியத்தை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை; பள்ளி விடுமுறைகளிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைத்த நேரத்திலும் வரைந்து வரைந்து கைவந்ததுதான். முதலில் நீர்வண்ணம், பிறகு பத்திக் (துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் வேலை), தமிழ்நாட்டுக்குப் போயிருந்தபோது கற்றுக்கொண்ட தஞ்சாவூர் ஓவியம், அண்மைக் காலமாக அக்ரிலிக், இடையிடையே காகிதச் சுருள் வேலை, பூத்தையல், சுடுமண் நகை என்று கை எதையும் விட்டுவைக்கவில்லை. எதையும் விற்றதில்லை. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் புதுமனை புகுவிழாக்களுக்கும் கொடுத்தவை போக, மீதியெல்லாம் வீட்டிலேயே சேர்ந்துவிட்டன.

இப்போது தரைவீட்டை விட்டுவிட்டு, பாயான் பாருவில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். எனக்கென்று ஒரு சிறிய அறையும் ஓர் அலமாரியும் கிடைக்கும். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் பினாங்கின் காற்று தன் வேலையைக் காட்டியிருப்பது தெரிந்தது. தண்ணீர்மலைப் படிக்கட்டை வரைந்த நீர்வண்ணப் படத்தில், வானம் இருக்கும் இடமெல்லாம் தேமல்போல் பழுப்புப் புள்ளிகள். கண்ணாடிக்குள் ஓர் ஓரத்தில் வெண்பூசணம். தஞ்சாவூர்க் கிருஷ்ணரின் கிரீடம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் பிற்பாடு மலிவான ரேக்கு (மெல்லிய உலோகத் தகடு) வாங்கி ஒட்டிய இன்னொரு படத்தில் வளையமெல்லாம் கறுத்துவிட்டது. முகத்தோடு முகம் வைத்து அடுக்கிய இரண்டு அக்ரிலிக் கேன்வாஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. காகிதச் சுருள் வேலைகளில் இராமபாணப் பூச்சி புகுந்திருக்கிறது.

இவற்றுள் எதைக் கொண்டுபோவது, எதை விடுவது, கொண்டுபோவதை எப்படிக் காப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். எல்லாவற்றுக்கும் கண்ணாடி போட்டு மாட்டிவிடலாம் என்கிறார் என் மருமகன். அது சரிதானா?

பட்டர்வொர்த் சட்டக்காரர் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு. ஆகவே, எல்லாவற்றுக்கும் கண்ணாடி போடுங்கள் என்று சொன்னால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அது நீடித்தால் தாளில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. உங்கள் படத்தில் பூசணம் உள்ளே பூத்திருப்பது அதனால்தான்.

மாட்ட விரும்புகிற சில படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சரியாகச் செய்யுங்கள். தாள் கண்ணாடியைத் தொடவே கூடாது. இடையில், நடுவில் படம் தெரியும்படி வெட்டிய மவுண்ட் அட்டை இருக்க வேண்டும், அதுவும் அமிலமில்லாத அட்டையாக இருக்க வேண்டும். மவுண்ட்டின் உள்விளிம்பை உற்றுப் பாருங்கள்: சாய்வாக வெட்டிய அந்த மெல்லிய கோடு வெள்ளையாக இல்லாமல் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால், அட்டையில் அமிலம் இருக்கிறது, அது படத்துக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். செலவைக் குறைக்கப் பின்னால் வைக்கப்படும் ஹார்ட்போர்டும் சாதாரணப் பெட்டி அட்டையும் அதே தீங்கைச் செய்கின்றன. படத்தைச் செலோடேப்பால் ஒட்டியிருந்தால், அதைப் பிடுங்காமல் அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்து எடுங்கள். புதிதாகப் பொருத்தும்போது, நான்கு மூலைகளுக்கும் அமிலமில்லாத தாளில் முக்கோண உறை மடித்து அதற்குள் படத்தைச் செருகினால், பசையே தேவைப்படாது.

மாட்டும் சுவரும் முக்கியம். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்னால் கீழ்மூலைகள் இரண்டிலும் சிறிய தக்கைத் துண்டை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இரவு முழுவதும் குளிரூட்டியை ஓடவிட்டுக் காலையில் அணைத்துச் சன்னலைத் திறக்கும் அறையும் படங்களுக்கு ஆகாது. குளிர்ந்துபோன கண்ணாடியின்மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்வைபோல் படிந்துவிடும்.

தண்ணீர்மலைப் படத்தைப் பற்றி ஒன்று. பூசணத்தை ஈரமாக இருக்கும்போது துடைத்தால், அது தாளின் நாருக்குள் தேய்ந்து இறங்கிவிடும். முதலில் சட்டத்திலிருந்து கழற்றி, மற்றப் படங்களோடு சேர்க்காமல், குளிரூட்டிய உலர்ந்த அறையில் சில நாள் வையுங்கள். நன்றாகக் காய்ந்து பொடியாக மாறிய பிறகு வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்துகொண்டு, மென்மையான அகலத் தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வெயிலில் நெடுநேரம் காயப்போட வேண்டாம். பூசணத்துக்கு முன்னால் வண்ணம் போய்விடும். பழுப்புப் புள்ளிகள் போகமாட்டா. வெளுப்பான் ஊற்றிப் பார்க்கும் எண்ணமிருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள்.

இந்த ஊர்க்காற்றில் தாள் நிலைக்காது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பினாங்கில் வாழ்ந்து 1962இல் மறைந்த யோங் முன் சென், பெரிதும் நீர்வண்ணத்துக்காகப் பெயர் பெற்றவர். அவருடைய படங்கள் இன்றும் காட்சியகச் சேகரிப்புகளில் இருக்கின்றன. எனவே, காற்றின்மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

கேன்வாஸ்பித்தன், கோலாலம்பூர் எழுதியது:

சட்டக்காரர் அண்ணன் தாளைப் பற்றிச் சொல்லிவிட்டதால், நான் மற்றவற்றுக்குப் போகிறேன்.

ஒட்டிக்கொண்ட கேன்வாஸ்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம், டீச்சர். அக்ரிலிக் வண்ணம் ஒருவகைப் பிளாஸ்டிக். காய்ந்த பிறகும் நம் வெப்பத்தில் அது முழுமையாக இறுகுவதில்லை. பகல் முழுவதும் அடைத்துக்கிடக்கும் அறையில் இரு பரப்புகள் அழுந்தினால், ஒட்டத்தான் செய்யும். இரண்டையும் அப்படியே நன்கு குளிரூட்டிய அறையில் சில மணி நேரம் கிடத்துங்கள். வண்ணம் சற்று விறைத்துக்கொள்ளும். பிறகு ஒரு மூலையிலிருந்து தொடங்கி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுப்பதுபோல் மெதுவாக உள்ளே செலுத்துங்கள். ‘சர்’ என்று உரியும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, எதிர்மூலையிலிருந்து வாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமே என்று யாராவது சொன்னால், கேட்காதீர்கள். கடுங்குளிரில் அக்ரிலிக் நொறுங்கும் தன்மையை அடைந்து விரிசல் விடும். இனி அடுக்கும்போது, கேக் சுடும் தட்டில் விரிப்பார்களே, சிலிக்கோன் பூசிய அந்தத் தாளை இடையில் வையுங்கள். குமிழ் உறையை வண்ணப்பரப்பின்மேல் நேராகச் சுற்றினால், வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும்.

கிருஷ்ணரின் கிரீடம் மங்காததற்குக் காரணம் எளியது. உண்மையான தங்கரேக்கு கறுக்காது. பித்தளை, செம்பு கலந்த போலி ரேக்கு ஈரக்காற்றில் கறுக்கும், பச்சையும் பூக்கும். கறுத்ததைத் தேய்த்து மீட்க முடியாது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் புது ரேக்கு ஒட்டலாம். ஆனால் ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடாக்கிய மக்கு வேலை, தண்ணீர் பட்டால் இளகிவிடும். கற்கள் உதிர்வதும் பெரும்பாலும் அதனால்தான். பலகை பலா மரமா, ஒட்டுப்பலகையா என்று பின்பக்கம் பாருங்கள். எதுவானாலும், ஊசித்துளை அளவு ஓட்டையும் அதன் கீழே மாவுபோன்ற தூளும் தெரிந்தால், வண்டு இருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தைத் தனியாக வைத்துவிட்டு, பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களைக் கேட்டுத்தான் புது வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

பத்திக் துணிகளை மடித்து வைக்காதீர்கள். மடிப்பில் நார் தளர்ந்து, பின்னர் அந்தக் கோட்டிலேயே கிழியும். மெழுகு மிச்சமிருந்தால் அந்த மடிப்பில் அழுக்கும் சேரும். பருமனான அட்டைக்குழலில் அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுற்றி, அதன்மேல் துணியைச் சுருட்டி, வெளியே பழைய வெள்ளைப் பருத்தித் துணியால் மூடுங்கள். 1950களில் பத்திக்கை உடைத்துணியிலிருந்து ஓவியமாக உயர்த்திய சுவா தியான் தெங் உங்கள் ஊரில் இருந்து வேலை செய்தவர். பத்திக் வரைந்த ஒருவர் பினாங்கிலேயே இருந்துகொண்டு தம் துணிகளைப் பெட்டியின் அடியில் போட்டு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பூத்தையலைக் கஞ்சியில்லாமல் அலசிக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். இராமபாணத்துக்கு மாவுச்சத்தும் பசையும்தான் உணவு. அதே காரணத்தால்தான் காகிதச் சுருள் வேலைகளிலும் அது புகுந்தது. அவற்றைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைகலத்தில் ஒரு வாரம் வைத்தால் பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் காகிதம் நனைந்துவிடும். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி வண்ணப்பரப்பில் படியும், மூடிய சிறிய அறையில் உங்களுக்கும் நல்லதன்று.

கிள்ளான் கைவினை எழுதியது:

அக்கா, எல்லாரும் காப்பதைப் பற்றியே சொல்கிறார்கள். விடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். ஓர் அலமாரியில் இவ்வளவும் அடங்காது. என்னிடமும் இப்படித்தான் சேர்ந்தது. நான் ஒவ்வொரு பொருளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, நல்லவற்றை மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சுடுமண் நகைகளைப் போடுவதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடக்க காலத்தில் கை பழகாமல் வரைந்தவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை, அவற்றை விட்டுவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பாவில் நீர் நிரம்பியது தெரியாமல் அது கவிழ்ந்து, கீழ்த்தட்டே நனைந்துபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குறைவாக இருந்தால்தான் ஒழுங்காகக் கவனிக்க முடியும்.

பட்டர்வொர்த் சட்டக்காரர் எழுதியது:

குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதலில் கழிக்க வேண்டியது தொடக்ககாலப் படங்கள் அல்ல. நடுவில் ஒரே மாதிரியாக வரைந்தவை இருக்கும்: அதே தாமரை, அதே மயில், பரிசு கொடுப்பதற்காக வரைந்து கொடுக்காமல் போனவை. அவற்றைக் கொடுத்துவிடலாம். கை பழகாத காலத்தில் வரைந்ததில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்றிரண்டாவது இருந்தால்தான், பிற்காலத்துப் படத்தில் நிழலை எங்கே கற்றீர்கள், எந்த நிறத்தை விட்டீர்கள் என்பது தெரியும். தாள் என்பதால் இடமும் அடைக்காது. அமிலமில்லாத உறைக்குள் போட்டு, அகலமான ஆழமில்லாத பெட்டியில் படுக்கை வசமாக வைத்துவிட்டால் போதும்.

ஈரம் உறிஞ்சும் அந்தக் கால்சியம் குளோரைடு டப்பா கவிழும் என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக, ஈரத்தை உறிஞ்சியதும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகளை வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானதும், அடுப்புச் சூளையில் 110 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். பெட்டி இறுக மூடுவதாக இருக்க வேண்டும்; திறந்த அலமாரியில் வைத்தால் அறையிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி அதுவே முடிந்துபோகும். உள்ளே சிறிய ஈரமானி ஒன்றைப் போட்டு, 50 முதல் 60க்குள் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. குளிரூட்டிய அறையில் நூல் வைத்துப் பிரித்ததில் ஒரு கேன்வாஸ் முழுமையாக வந்துவிட்டது. இன்னொன்றில் வாழையிலையின் ஓரம் மட்டும் உரிந்திருக்கிறது, அதைத் திருத்திக்கொள்வேன். இன்னும் ஒரு கேள்வி. படமெடுத்து வைக்கும்படி தங்கை சொன்னார். கைத்தொலைபேசியில் எடுத்தால் நிறம் மஞ்சளாகிறது, மூலைகள் சாய்கின்றன. பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்பதையும் சொல்லுங்கள்.

கேன்வாஸ்பித்தன், கோலாலம்பூர் எழுதியது:

மேகமூட்டமான நாளில், காலைப்பொழுதில், முன்வாசல் கூரையின் நிழலில் படத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, தொலைபேசியை அதற்கு இணையாகப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். அருகில் நின்று எடுப்பதனால்தான் மூலைகள் சாய்கின்றன. வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள், பிளாஷ் வேண்டாம். படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுத்தால், பின்னர் அந்த வெள்ளையை வைத்து நிறத்தைச் சரிசெய்ய முடியும். கண்ணாடி போட்ட படங்களைக் கழற்றிவிட்டு எடுப்பதே நல்லது. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய படத்தைச் சேமிப்பாகக் கருதாதீர்கள், அது சுருக்கிவிடும். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்.

பின்பக்கத்தில் மை வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்: வரைந்த ஆண்டு, இடம், என்ன தாள் அல்லது துணி, எந்த நிறுவனத்தின் வண்ணம், யாருக்காக வரைந்தது. ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால், ‘தமிழ்ப்பள்ளி மாற்றலுக்கு முன்’ என்பதுபோல் எழுதினாலும் பயன்படும். தஞ்சாவூர்ப் படத்தில் பலகையின்மேல் எழுதாமல், சிறிய துணித்துண்டில் எழுதிக் கட்டிவிடுங்கள்; எந்தப் படத்தில் உண்மை ரேக்கு, எதில் போலி என்பதையும் அதில் குறித்துவிடுங்கள், பிற்பாடு பழுது பார்க்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.