எலக்ட்ரான் மின்னூட்டம்–நிறை விகிதம்: விடை 20 சதவீதம் குறைவாக வருகிறது

மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. 1.76 × 10¹¹ கூலும்/கிலோகிராம் வர வேண்டிய இடத்தில் 1.4-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்கள் (நடுவில் சீரான காந்தப்புலம் தரும் இரட்டைக் கம்பிச் சுருள்கள்), ஒவ்வொன்றிலும் 130 சுற்று, ஆரம் 15 செ.மீ. 250 வோல்ட், 1.5 ஆம்பியரில், கண்ணாடிக் குழாய்க்குள் வட்டமாக வளையும் எலக்ட்ரான் கற்றையின் ஆரம் 5.1 செ.மீ. கணக்குப்படி காந்தப்புலம் 1.17 மில்லிடெஸ்லா.

மல்டிமீட்டரை மாற்றிவிட்டேன். கருவியை வேறு திசைக்குத் திருப்பியும் பெரிய மாற்றமில்லை. புவிக்காந்தப் புலம் சுமார் 0.04 மில்லிடெஸ்லாதான், அதனால் 7 சதவீதம் வேண்டுமானால் விலகலாம், 20 வராது. சீனியர்கள் “ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணிடு” என்கிறார்கள். மனசு வரவில்லை.

மிச்சமிருக்கும் சந்தேகம் அளவுகோல்மேல்தான். அது குழாய்க்குப் பின்னால் இருக்கிறது, பார்வையை நேராக்க உதவும் முகம்பார்க்கும் கண்ணாடிப் பட்டை கிடையாது. ஆரம் கூடுதலாகத் தெரிந்தால் விடை குறையும். இடமாறு தோற்றப் பிழை (பார்க்கும் கோணத்தால் வரும் பிழை) மட்டுமே ஆரத்தை 5 மி.மீ. கூட்டிக் காட்டுமா?