குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவுக்கு விதிமுறை: உங்க கருத்து?

ஏ-101 (செயலாளர்): ஜெனரல் பாடிக்கு முன்னாடி குழுவுக்கு விதி வைக்கலாம்னு இருக்கோம். குட் மார்னிங் படம், அரசியல், சாதி மதப் பேச்சு, ஃபார்வர்டு எதுவும் கூடாது. மூணு தடவை சொல்லியும் கேக்கலன்னா ஒரு வாரம் நீக்கம். ஆட்சேபணை இருந்தா இங்கயே சொல்லுங்க.

பி-304: இருக்கு சார். போன மாசம் சி பிளாக்காரர் லிஃப்ட் சர்வீஸ் பில்லைக் கேட்டார். பில் வரல, அவரைத் தூக்கிட்டீங்க. அவர் எந்த ஃபார்வர்டு போட்டார்?

ஏ-101: பில் கேட்டதுக்கு இல்ல. ராத்திரி பதினொன்றரைக்குப் பொருளாளரைத் திருடன்னு எழுதினார்.

பி-304: எழுதினது தப்புதான். அந்த வரியை மட்டும் அழிச்சிருக்கலாமே? அட்மின் யார் மெசேஜையும் எல்லாருக்கும் அழிக்கிற வசதி 2022-லயே வந்தாச்சு. ஆளையே அனுப்பிட்டா, தண்ணி லாரி எப்ப வருதுன்னு கூட அவருக்குத் தெரியாது.

டி-002: தம்பி, 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரி முழுக்க வெள்ளம், எங்க தரைத்தளத்துல இடுப்பளவு தண்ணி. படகு எந்தத் தெரு வரைக்கும் வருதுன்னு யாரோ போட்டிருந்தாங்க. அதுக்கு மேல ஏரி உடைஞ்சுது, பாலம் போச்சுன்னு ஒரே ஃபார்வர்டு. தேடி எடுக்கறதுக்குள்ள போன் அணைஞ்சுபோச்சு. 2015 வெள்ளத்துலயும் இப்படித்தான், முதலைப் பண்ணையிலேருந்து முதலை தப்பிச்சுதுன்னு பரப்பினாங்க. பண்ணைக்காரங்களே இல்லன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. மூணாவது மாடியில இருந்துக்கிட்டு கருத்துச் சுதந்திரம் பேசறது சுலபம்.

பி-304: ஃபார்வர்டை நிறுத்துங்க அக்கா, நானும் கைதூக்கறேன். கணக்குக் கேக்கறதையும் அதே பட்டியல்ல சேர்த்துடக் கூடாதுங்கறேன்.

ஏ-101: நாளைக்கு எவராவது எதையாவது போட்டா, போலீஸ் வந்து நிக்கிறது என் வீட்டு வாசல்ல.

சி-105: அவ்வளவு பயம் வேண்டாம் சார். கரூர் வக்கீல்கள் வாட்ஸ்அப் குழு வழக்குல, அட்மினா மட்டும் இருந்திருந்தா அவர் பேரைக் குற்றப்பத்திரிகையிலேருந்து எடுத்துடணும்னு மதுரைக் கிளை 2021 டிசம்பர்ல சொல்லியாச்சு. உறுப்பினர் போட்டதுக்கு அட்மின் பொறுப்பில்லன்னு 2022-ல கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிச்சு. தெரிஞ்சே கூட்டுச் சேர்ந்தா அது வேற கதை. நம்ம பிரச்சினை ரெண்டு குழுவா பிரிச்சா தீரும். அறிவிப்புக்கு ஒண்ணு, அட்மின் மட்டும் போடலாம். அரட்டைக்கு ஒண்ணு.

டி-002: அட்மின் தூங்கிட்டா? மோட்டார் ரூம்ல புகை வந்தா நான் எங்க போடறது?

சி-105: அது... நியாயந்தான். அவசரத்துக்கு மூணாவதா ஒண்ணா?

ஏ-101: ஒண்ணையே மேய்க்க முடியல சார்!

பி-304: ஒரே குழு போதும். யாரை நீக்கினாலும், யார் நீக்கினது, எந்த வரிக்காகன்னு குழுவிலேயே எழுதணும். அட்மின்ல ஒருத்தர் கமிட்டிக்கு வெளிய இருக்கணும்.

ஏ-101: பொருளாளர் பதவிக்கே ஆள் கிடைக்காம அலைஞ்சோம். நீங்க வரீங்களா?

பி-304: வரேன். முதல் வேலையா சி பிளாக்காரரைத் திரும்பச் சேர்ப்பேன்.

ஏ-101: அந்த வார்த்தைக்கு அவர் வருத்தம் சொல்லட்டும், தாராளமா சேருங்க.

பி-304: நீங்க பில்லைப் போடுங்க. நான் போய் அவர்கிட்டப் பேசறேன்.