கடலூருக்கு 18 எழுத்தா?

மஞ்சக்குப்பம்வாசி:

விக்கிக்கு லுவா என்ற நிரல்மொழியில் மாட்யூல் (பக்கங்களுக்காக ஓடும் சின்ன நிரல்) எழுதுகிறவர்கள், என்கோட் (சில குறிகளை ‘எண்டிட்டி’ என்னும் எச்டிஎம்எல் மாற்று வடிவமாக ஆக்குவது), டிகோட் (அதைத் திரும்பப் பழைய குறியாக்குவது) விஷயத்தில் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

கடலூர் மாவட்டத்து ஊர்ப்பெயர்களுக்காக நண்பர்கள் மூன்று பேர் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் ஒரு சின்ன தளம் வைத்திருக்கிறோம். ஊர்ப்பெயரைக் கொடுத்தால் தாலுகாவையும் பின்கோடையும் எடுத்துத் தருகிற மாட்யூல் என் பொறுப்பு. யாராவது பெயருக்குள் கோண அடைப்பைத் திணித்துப் பக்கத்தைக் குலைத்துவிடக் கூடாதே என்று, வருகிற பெயரை முதல் வரியிலேயே டெக்ஸ்ட் நூலகத்தின் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) என்கோடுக்குள் தள்ளினேன். சும்மா விட்டிருந்தால் அது <, >, &, இரண்டு வகை மேற்கோள், வரி உடையாத இடைவெளி, இவ்வளவைத்தான் மாற்றும். எனக்கு அது போதவில்லை. ‘எழுத்தும் எண்ணும் தவிர எல்லாவற்றையும் மாற்று’ என்று அர்த்தம் வருகிற மாதிரி, பர்சன்ட் டபிள்யூ (%w, ‘எழுத்தும் எண்ணும்’ என்பதன் சுருக்கம்) வைத்து இரண்டாவது மதிப்பு ஒன்றைக் கொடுத்தேன். அதிபுத்திசாலித்தனம்.

ஆங்கில எழுத்தில் நாலு ஊரைப் போட்டுப் பார்த்தேன், ஓடியது. தமிழில் போட்டால் ஒன்றுகூடச் சிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ‘பதிவு இல்லை’. ஆனால் திரையில் பெயர் பளிச்சென்று கடலூர் என்றுதான் தெரிகிறது!

சரி, நீளத்தை அச்சிட்டுப் பார்ப்போம் என்று லென் போட்டேன். 18 என்றது. க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று யூனிகோடில் 6 குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. பைட்டை எண்ணியிருக்கிறது, சரம் சரியாகத்தான் இருக்கிறது என்று வேறு இடத்தில் நோண்டப் போய்விட்டேன். இரண்டு ராத்திரி வீண்.

மூன்றாம் நாள் பண்ருட்டியைப் போட்டேன். 9 குறியீடு, 27 வர வேண்டும். 33 வந்தது. அப்போதுதான் மாட்யூலின் தலைப்பகுதியைப் பார்த்தேன். நண்பர் லென் என்ற பெயரையே, யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் யூஸ்ட்ரிங் நூலகத்தின் லென்னுக்குச் சூட்டி வைத்திருந்தார். அது எண்ணுவது பைட்டை அல்ல, குறியீடுகளை. அப்படியானால் கடலூருக்கு 6 அல்லவா வர வேண்டும்? கன்சோலில் கொட்டிப் பார்த்தால்:

கடல&#3010;ர&#3021;

(உங்கள் திரையில் இதுவும் வெறும் கடலூர் என்றே தெரிந்தால், என் இரண்டு ராத்திரியும் உங்களுக்குப் புரிந்துவிடும்.)

விஷயம் இதுதான். என்கோடும் பின்பற்றுவது யூஸ்ட்ரிங்கைத்தான். அதில் பர்சன்ட் டபிள்யூ என்றால் யூனிகோட் ‘எழுத்து’ என்று வகைப்படுத்தியவையும் எண்களும் மட்டும். நம் கொம்பும் புள்ளியும் அங்கே எழுத்து இல்லை, ‘ஒட்டுக்குறி’ வகை. க, ட, ல, ர தப்பித்தன. ஊகாரமும் புள்ளியும் தலா 7 எழுத்து நீள எண்டிட்டியாக மாறிவிட்டன. 4 + 14 = 18. பைட் கணக்கும் இந்தக் கணக்கும் கடலூருக்கு மட்டும் ஒத்துப்போய் என்னை ஏமாற்றியது. பண்ருட்டியில் 5 எழுத்து, 4 குறி. அதனால் குட்டு உடைந்தது.

இரண்டாவது மதிப்பைத் தூக்கிவிட்டேன். என்கோடையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு, பக்கத்தில் காட்டுவதற்குச் சற்று முன்னால், நகர்த்தினேன். ஒப்பிடுவதெல்லாம் இப்போது மூலப் பெயரோடுதான்.

முத்தியால்பேட்டை:

அண்ணே, எங்கள் புதுச்சேரியில் ஒற்றை மேற்கோள்தான் வில்லன். டூமாஸ் வீதியில் இருக்கிற பிரெஞ்சு கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தின் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் நடுவில் ஒரு ' வரும். பக்கத் தலைப்பைத் தருகிற பேஜ்நேம் அதை &#39; என்று மாற்றித்தான் கொடுக்கும். வார்ப்புரு (டெம்ப்ளேட்) வழியாக அது என் மாட்யூலுக்குள் வந்ததும் பட்டியலோடு பொருந்தவில்லை. டிகோட் போட்டுச் சமாளித்தேன். பிறகு, மாட்யூலுக்குள்ளேயே டைட்டில் நூலகத்தில் நடப்புத் தலைப்பைக் கேட்டால் கலப்படமில்லாமல் கிடைக்கிறது என்று தெரிந்து அதற்கே மாறிவிட்டேன்.

இன்னொன்று. பழைய எச்டிஎம்எல் கோப்பிலிருந்து தெருப்பெயர்களை எடுத்தபோது, மேலே கோடு போட்ட பிரெஞ்சு ஈ (é) எல்லாம் ‘ஈஅக்யூட்’ என்ற பெயர் வடிவில் இருந்தது. டிகோட் அதைத் தொடவே இல்லை. &#233; என்று எண்ணாக இருந்தால் மாற்றிவிடும். பெயர் வடிவில் அதற்குத் தெரிந்தது ஐந்தே ஐந்துதான். மற்றதும் வேண்டுமென்றால் இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுக்க வேண்டும். அரை நாள் போச்சு.

நெல்லிக்குப்பம்:

நான் நூலகத்தை நம்பாமல் ஜிசப் (தேடி மாற்றும் கட்டளை) அடுக்கிச் சொந்தமாக டிகோட் எழுதியவன். & குறியை முதலில் விடுவித்தேன். உதவிப் பக்கத்தில் பாடமாகக் காட்ட வைத்திருந்த &#38;#60; முதல் வரியில் &#60; ஆகி, அடுத்த வரியில் நிஜமான < ஆகி, பக்கத்தின் பாதியைக் காணோம். விடுவிக்கும்போது & கடைசியில் வர வேண்டும், மாற்றும்போது முதலில். நூலகத்தின் டிகோட் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுவதால் அதில் இந்தத் தொல்லையே இல்லை. என் எட்டு வரியையும் அழித்துவிட்டேன்.